ஆளில்லாச் சந்தையும் எமது பணமும்

புலம்பெயர்ந்த மண்ணில் நாம் சேர்க்கும் பணம் எங்கே போகிறது? சிட்னியில் ரூங்காபியிலும் பெண்டில் ஹில்லிலும், மெல்பேர்ணில் டண்டினோங்கிலும் எம்மவரிடம் இதைக் கேட்டால் விடை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். முதலில் ஒரு வீடு. கடன் குறைந்ததும் இரண்டாவது வீடு. எஞ்சியது பிள்ளைகளின் படிப்புக்கும் நகைக்கும். அயலவர் எங்கே முதலிட்டாரோ அங்கேயே நாமும் முதலிடுகின்றோம். இருந்ததையெல்லாம் ஒருமுறை இழந்துவிட்டு வந்த சமூகம் பாதுகாப்பைத் தேடுவதில் வியப்பில்லை. ஆயினும் முழுச் சேமிப்பும் ஒரே தடத்தில் ஓடுவதால் எமக்கு நேரும் இழப்பையும் எண்ணிப் பார்க்கவேண்டியுள்ளது.

இதற்கு நேரெதிர்த் திசையில் செல்லும் பணமும் உலகில் உண்டு. அதனைத் துணிகர மூலதனம் என்பர். வங்கி ஈடு கேட்கும், வட்டி கேட்கும். துணிகர முதலீட்டாளர் தொழிலில் பங்கு கேட்பார். தொழில் மூழ்கினால் அவர் பணமும் அதனோடு மூழ்கும். பலவற்றில் இட்ட பணம் திரும்பாவிடினும், ஒன்றிரண்டு பன்மடங்காகப் பெருகி அனைத்தையும் ஈடுசெய்யும் என்பதே அவர்களது கணக்கு. பிரான்சிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஜோர்ஜ் டொரியோ 1946இல் இத்தகைய நிறுவனமொன்றைத் தொடக்கினார். கணினி செய்பவர்களுக்குப் பணம் கொடுக்க எவரும் விரும்பாத 1957இல், டிஜிற்றல் என்ற சிறு நிறுவனத்தில் அந்நிறுவனம் 70,000 டொலரை முதலிட்டது. சுமார் பத்தாண்டுகளில் அப்பங்கின் பெறுமதி பல கோடி டொலராகியது.

இங்கே கவனிக்கவேண்டிய விதி ஒன்றுண்டு. எல்லோரும் நல்லதென்று ஒப்புக்கொண்ட தொழிலின் விலையில் அந்த நம்பிக்கை ஏற்கெனவே ஏறிவிடுகின்றது. ஊரார் வேண்டாமென்று ஒதுக்கிய ஒன்று உண்மையில் நல்லதாக இருந்தால் மட்டுமே பேரிலாபம் உண்டு. ஊரார் ஒதுக்குபவற்றுள் பெரும்பாலானவை ஒதுக்கத் தக்கவையே. ஆனால் சில, நட்டம் தருமென்ற அச்சத்தால் அன்றி, பேசுவதற்கு வெட்கப்பட்டே ஒதுக்கப்படுகின்றன. அங்கேதான் வாய்ப்பு மறைந்து கிடக்கின்றது.

சிட்னியிலேயே இதற்குச் சான்று உண்டு. கிறிஸ்ரி சொங் என்ற பெண்மணி 2013இல் மொடிபொடி என்ற பெயரில், மாதவிடாய்க் காலத்தில் அணிந்து, கழுவி மீண்டும் பயன்படுத்தக்கூடிய உள்ளாடைகளை விற்கத் தொடங்கினார். 2020இல் அந்நிறுவனத்தின் விளம்பரத்தில் இரத்தம் சிவப்பு நிறத்தில் காட்டப்பட்டதால் முகநூல் அதனை நீக்கியது, பின்னர் அனுமதித்தது. 2022இல் சுவீடனின் எசிற்றி நிறுவனம் மொடிபொடியை 140 மில்லியன் அவுஸ்திரேலிய டொலருக்கு வாங்கியது. உலகின் பாதிப்பேருக்குத் தேவையான பொருளொன்றின் சந்தை, வெட்கம் என்ற திரைக்குப் பின்னால் கிடந்தது.

எம் மொழி பேசும் கோயம்புத்தூரிலும் இதே கதை நடந்தது. அருணாசலம் முருகானந்தம் மலிவான விடாய்க்கால அணையாடை செய்ய முனைந்தபோது ஊர் அவரை ஒதுக்கியது. மனைவியும் சிலகாலம் பிரிந்து சென்றார். அவர் அமைத்த சிறு இயந்திரம் பின்னர் இந்தியாவின் பல மாநிலங்களில் பெண்கள் குழுக்களின் கைத்தொழிலாயிற்று. 2016இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. தனது கண்டுபிடிப்பைப் பெருநிறுவனங்களுக்கு விற்க அவர் இசையவில்லை. ஒதுக்கப்பட்ட சந்தையைத் திறந்தவர்கள் இருவர். ஒருவர் நிறுவனத்தை விற்றார், மற்றவர் கிராமத்திடம் ஒப்படைத்தார். இரு வழிகளும் எமக்குப் பாடமே.

சந்தையில் பொருள் மட்டுமன்றி மனிதரும் கவனிப்பாரற்றுக் கிடப்பதுண்டு. யூத இன அழிப்பில் தந்தையை இழந்த பிராங்க் லோவி, கப்பலில் பாலஸ்தீனம் செல்ல முயன்று பிரித்தானியரிடம் பிடிபட்டுச் சைப்பிரஸ் தடுப்பு முகாமில் வைக்கப்பட்டவர். 1952இல் அவுஸ்திரேலியா வந்தார். அகதியாக வந்த மற்றொருவரான ஜோன் சோண்டர்சுடன் சேர்ந்து மேற்குச் சிட்னியின் பிளக்ரவுணில் உணவுக் கடையொன்றை நடத்தினார். அப்பகுதியில் வந்து குடியேறிய ஐரோப்பியர் தம் ஊர் உணவைத் தேடினர்; நகரத்துப் பெருவணிகர் அதனைக் கண்டுகொள்ளவில்லை. அவ்விருவருக்கும் அந்த மக்களைத் தெரிந்திருந்தது. 1959இல் அதே பிளக்ரவுணில் எழுந்தது முதலாவது வெஸ்ற்பீல்ட் வணிக வளாகம்.

அகதிகளுக்குத் தொழில் முனைப்பு இல்லை என்போருக்குப் புள்ளிவிபரமும் மறுமொழி தருகின்றது. மனிதாபிமான விசாவில் வந்தோர், ஏனைய குடியேறிகளைவிடத் தம் வருமானத்தில் அதிக பங்கைச் சொந்தத் தொழிலிலிருந்து பெறுவதாக அவுஸ்திரேலியப் புள்ளிவிபரப் பணியகம் 2015இல் தெரிவித்தது.

ஆனால் எச்சரிக்கை ஒன்றும் தேவை. பிறர் கவனியாத மக்களைத் தேடிவருவோர் எல்லோரும் நன்மை செய்ய வருவதில்லை. வங்கி கைவிட்டவரைத் தேடிச் சிறுகடன் கொடுப்போரும் வருகின்றனர். 2,000 டொலர் வரையான குறுங்காலக் கடனுக்கு 20 வீதத் தொடக்கக் கட்டணமும் மாதம் 4 வீதமும் அறவிடச் சட்டமே இடமளிக்கின்றது. 1,000 டொலர் வாங்கியவர் முதல் நாளிலேயே 200 டொலர் மேலதிகமாகக் கடன்பட்டவர். பின் மாதந்தோறும் 40 டொலர். இதுவும் 'கவனிக்கப்படாத சந்தை'யில் நடக்கும் வணிகந்தான். அம்மக்கள் உயரும்போது இலாபம் பெறும் பணம் வேறு. அவர்கள் தாழும்போது இலாபம் பெறும் பணம் வேறு. பங்கு கேட்பவர் முதல் வகை. இக்கடன்காரர் இரண்டாம் வகை.

எமது பணம் ஏற்கெனவே துணிகர முதலீட்டில் இருப்பதைப் பலர் அறியார். 1992 முதல் கட்டாயமாக்கப்பட்டு, 2025 ஜூலை முதல் ஊதியத்தின் 12 வீதமாகியுள்ள 'சுப்பர்' சேமிப்பு நிதிகளில் சில, துணிகர நிதியங்களிலும் முதலிடுகின்றன. உணவக, விடுதித் தொழிலாளருக்காகத் தொடங்கப்பட்ட ஹொஸ்ட்பிளஸ் நிதியம், சிட்னியின் பிளக்பேர்ட் துணிகர நிதியத்தில் முதலிட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் மறுத்ததாகச் சொல்லப்படும் கன்வா நிறுவனத்துக்குத் தொடக்கத்தில் கைகொடுத்தவர்களுள் பிளக்பேர்ட்டும் ஒன்று. அந்நிதியத்தில் சேர்ந்திருக்கும் எம் இளைஞன் ஒருவன் உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவி ஈட்டிய சேமிப்பின் ஒரு துளி, இன்னொருவரின் கனவுக்கு மூலதனமாகின்றது. அவனது சொந்தக் கனவுக்கு மூலதனம் தருவோர் யார்?

2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்தோருக்கு நிரந்தர விசாவுக்கான வழி திறக்கப்பட்டது. கோரிக்கை மறுக்கப்பட்டோர் பலர் ஆண்டுக்கணக்காக முடிவின்றிக் காத்திருந்தனர். இத்தகையோரிடம் ஈடு கேட்டால் என்ன இருக்கும்? ஆனால் அவர்களது நேர்மை எத்தகையது, உழைப்பு எத்தகையது என்பதை அறிந்தவர்கள் நாமே. எந்த வங்கி அதிகாரிக்கும் கிட்டாத அறிவு அது. அந்த அறிவை நம்பியே நாம் தலைமுறை தலைமுறையாகச் சீட்டுப் பிடித்து வந்தோம்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்து நிலைபெற்ற குடும்பங்கள் இருபதோ முப்பதோ ஒன்றுகூடிச் சிறு முதலீட்டு நிதியமொன்றை அமைக்கவேண்டும் என்பதே எமது கருத்து. ஒவ்வொருவரும் இழந்தாலும் தாங்கக்கூடிய தொகையை மட்டும் இடட்டும். வட்டி வேண்டாம், பங்கு போதும். தொழில் தோற்றால் வீட்டு வாசலில் போய் நிற்கக்கூடாது. கணக்காளரும் சட்டத்தரணியும் விசா நிபந்தனைகள் உட்பட அனைத்தையும் ஆராய்ந்து எழுத்தில் ஒழுங்கு செய்யட்டும். வாய்மொழி நம்பிக்கை மட்டும் போதாது.

எவற்றில் முதலிடலாம்? நாம் பேசக் கூசும் இடங்களைப் பார்த்தால் போதும். தனித்திருக்கும் முதியோரைத் தமிழில் பேசிப் பராமரிக்கும் சேவை, போர் தந்த மனக்காயத்துக்குத் தமிழில் ஆற்றுப்படுத்தல், எம் முறைப்படி இறுதிக்கிரியை ஒழுங்குகள். 'பெற்றோரை வெளியார் கையில் விட்டால் நாலுபேர் என்ன சொல்வார்கள்' என்ற தயக்கம் இருக்கும்வரை, அந்த முதியவர் தம் மொழி அறியாத ஒருவரின் கையில் உணவு உண்பார்.

கொடிய கடலைக் கடந்து வந்தவனுக்குத் துணிவைக் கற்பிக்க வேண்டியதில்லை. அவனுக்கு இல்லாதது முதல். எம்மிடம் முதல் உண்டு. மூன்றாவது வீட்டுக்கு முற்பணம் சேர்க்கும் குடும்பங்கள் அதில் ஒரு சிறு பகுதியையாவது இத்தகைய முயற்சிக்கு ஒதுக்கட்டும் எனக் கேட்டுக்கொள்கின்றோம்.