தனக்குத் தானே சான்று கூறும் கோப்பு

கணினிக் கோப்பிலுள்ள அனைத்தையும் ஒரு கணக்கு முறையால் திரட்டிப் பெறும் சிறு எண்ணைச் சரிபார்ப்பு எண் என்பர். ஓரெழுத்துத் திரியினும் அவ்வெண் வேறாகும். அதனை அக்கோப்பினுள்ளேயே எழுதி வைத்தல் கூடுமோ? கூடாதென்றே முதற்கண் தோன்றும். என்னை? எண்ணை எழுதிய அளவிலே கோப்பு மாறுகின்றது. கோப்பு மாறவே எண்ணும் மாறுகின்றது. புதிய எண்ணை எழுதினும் அதுவே கதி.

ஆயினும் வழி கண்டோர் உளர். கோப்புக்களைக் கட்டும் டார் என்னும் முறையில், தலைப்புப் பகுதியில் எண்ணுக்குரிய இடத்தை எட்டு வெற்றிடங்களாகக் கருதிக் கூட்டி, அதன்பின் எண்ணை நிரப்புவர். இஃது இருதரத்தாரும் அறிந்த உடன்படிக்கை, இதிற் சூழ்ச்சியில்லை. சி.ஆர்.சி.-32 என்னும் எண்ணோ 32 பிட் அளவினது. நான்கு பைட்டுகளைத் தக்கவாறு அமைத்து வேண்டிய எண்ணை வருவித்துக் கொள்ளலாம்.

எம்.டி.5 முறையின் கதையே வியப்புடையது. அது 1992-இல் வெளியாயிற்று. 2004-இல் சீன அறிஞர் வாங் சியாவ்யுன் முதலியோர், வெவ்வேறான இரு செய்திகளுக்கு அம்முறை ஒரே எண் தருதலைக் காட்டினர். 2017-இல், தன் எம்.டி.5 எண்ணைத் தானே படமாகக் காட்டும் ஜிஃப் கோப்பொன்று தோன்றிற்று. 32 இலக்கங்களுக்குரிய இடந்தோறும், ஒன்றற்கொன்று மாற்றினும் மொத்த எண் மாறாத இரட்டைத் துண்டுகளை அமைத்து, கோப்பு முடிந்து எண் இன்னதென்று கண்ட பின்னர், அவ்வெண் தோன்றுமாறு துண்டுகளைத் தெரிந்து வைத்தனர்.

இதனைப் பலர் கைகொட்டி வரவேற்றனர். நமக்கோ இஃது எம்.டி.5-க்கு எதிரான சாட்சியாகவே படுகின்றது. வேண்டியவாறு பேசுவிக்கத்தக்க சாட்சியை எவர் நம்புவர்? பழுதற்ற முறையே ஆயினும், கோப்பைத் திருத்துவோன் உள்ளிருக்கும் எண்ணையும் உடன் திருத்திவிடுவானன்றோ?

தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. அந்தாதியில் இடைச்செய்யுள் ஒன்று வீழின், தொடர் அறுந்து குறை புலப்படும். ஏடெழுதுவோன் அயர்வுக்கு அது நல்ல காவல். ஆனால் வல்லானொருவன் முதலும் ஈறும் பொருந்தப் புதுச்செய்யுள் புனைந்து நுழைத்தால் அந்தாதி யாது செய்யும்? வேறோர் ஊரில் வேறோர் ஏடு கிடைத்தாலன்றிப் புரட்டு வெளிப்படாது.

பழந்தமிழ் நூல்கள் இன்று மின்படிகளாய்க் கைமாறிச் செல்கின்றன. இடையில் எவர் எதனைத் திருத்தினார் என்று அறிவதெங்ஙனம்? ஆதலின், படியை வெளியிடுவோர் அதன் ஷா-256 எண்ணைக் கோப்பின் முகப்பிலே பொறித்து அமையாது, கோப்பைத் தொடுவோன் கை எட்டாத இடத்தில், நூலகப் பட்டியலிலேனும் அச்சிட்ட இதழிலேனும் வெளியிடுதல் வேண்டும். அவ்வெண் 64 குறிகளே உடையது. இம்மலரில் ஒரு நூலுக்கு இரண்டு வரி ஒதுக்கினும் போதும்.