கணினி கண்மூடிய வேளையில்

அம்மிக்கல் பழுதாகிவிட்டது என்று எவரும் கலங்கியதில்லை. தேய்ந்துபோனால் கொத்துகிறவர் தெருவோடு வருவார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். கணினி அத்தகைய பண்டமன்று. நேற்றிரவு வரை ஒழுங்காக இயங்கியது, இன்று காலை ஒரு காரணமும் கூறாமல் கருந்திரை காட்டி நிற்கும். மகனுக்கு அன்றுதான் கல்லூரி விண்ணப்பத்தின் இறுதி நாள். அன்பியக் கூட்ட அறிக்கையை மாலைக்குள் தட்டச்சு செய்து தருவதாக இல்லத்தலைவர் பங்குத்தந்தையிடம் வாக்களித்திருப்பார். உடனே, கடைசியாகத் தொட்டது யார் என்ற விசாரணை வீட்டில் தொடங்கிவிடும். ஏதேன் தோட்டத்து விசாரணையைப் போன்றதுதான். அன்றும் பழி அடுத்தவர் மேல்தான் விழுந்தது.

நம் குடும்பங்களில் கணினி நுழைந்து வெகுகாலம் ஆகிவிடவில்லை. 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோதுதான் பல இல்லங்கள் அதை முதன்முதலில் கண்டன. 2020-இல் பெருந்தொற்று பள்ளிகளை மூடியபோது பாடமே திரை வழியாக வீட்டுக்குள் வந்தது. விருந்தாளியாக வந்தவர் குடும்பத்தில் ஒருவராகிவிட்டார். குடும்பத்தாருக்கு வரும் சளியும் காய்ச்சலும் அவருக்கும் வருகின்றன. அதைப் பற்றிப் புலம்புவோரையே எங்கும் காண்கிறோம். அந்தப் புலம்பலுக்கு நடுவே நம் வீடுகளில் நிகழும் சிறு மகிழ்ச்சிகளை எடுத்துச் சொல்வோர் இல்லை என்பதே இம்மாதம் நாம் இதனை எழுதக் காரணம்.

எங்கள் வீட்டுப் பழைய கணினி ஒரு நாள் காலை விழித்தெழுந்து, அன்று 2009-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் என்று அறிவித்தது. இணையதளம் எதுவும் திறக்கவில்லை. காரணம் எளிது. கணினியை அணைத்த பின்னும் நாளையும் நேரத்தையும் அது மறவாதிருக்க, உள்ளே நாணயம் போன்றதொரு சிறு மின்கலம் உண்டு. சி.ஆர். 2032 என்பது அதன் பெயர். அளவும் அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது: குறுக்களவு 20 மி.மீ., கனம் 3.2 மி.மீ. சில ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும். தீர்ந்தால் கணினி ஏதேனும் ஒரு பழைய தேதிக்குத் திரும்பிவிடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் அத்தேதியில் செல்லுபடியாகாமையால், அவற்றைத் திறக்கக் கணினி மறுத்துவிடும். புதிய மின்கலம் கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும், செலவும் சொற்பம். ஆனால் நம் நினைவில் நிற்பது மின்கலமன்று. எங்கள் இல்லத்தரசியார் திரையைப் பார்த்துவிட்டு, "2009 என்றால் இப்போதே புறப்படுங்கள்; விலை ஏறுவதற்குள் நாலு பவுன் வாங்கிவிடலாம்" என்றார். விண்ணப்பக் கவலையில் முகம் வாடியிருந்த மகனும் சிரித்துவிட்டான்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றும் துணிவு ஒரு முறை வந்துவிட்டால் வீட்டுச் சிறுவர்க்கு அது திருவிழாதான். திருப்புளியை யார் பிடிப்பது என்பதில் போட்டியே எழும். மின்செருகியை முதலில் பிடுங்கிவிட வேண்டும். உள்ளிருக்கும் மின்வழங்கிப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கலாகாது. மற்றபடி தூசியைத் துடைக்க ஓவியத் தூரிகை போதும். இயக்கியதும் திரை வராமல் 'பீப், பீப்' என்று ஓலமிட்டால், நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பப் பொருத்துவது பழுதுபார்ப்போர் கையாளும் முறை. கடற்கரையூர்களின் உப்புக் காற்றில் இந்த வைத்தியம் பல முறை பலித்திருக்கிறது. திறந்து பார்த்தபோது உள்ளே பல்லி முட்டை கிடைத்த வீடுகளும் உண்டு. இது நமக்கு மட்டும் நேர்ந்த அவமானமன்று. 1947 செப்டம்பர் 9-ஆம் நாள், அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க் 2 என்னும் கணினியின் உறுப்புகளுக்கிடையே ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருக்கக் கண்டனர். அங்கிருந்தோர் அதை எறிந்துவிடவில்லை. பணிக் குறிப்பேட்டில் ஒட்டி, அருகில் வேடிக்கையாக ஒரு வரியும் எழுதி வைத்தனர். இயந்திரக் கோளாறைப் 'பூச்சி' என்று சொல்லும் வழக்கம் ஆங்கிலத்தில் அதற்கு முன்பே இருந்தது. அன்று உண்மைப் பூச்சியே அகப்பட்டுவிட்டது! அந்த ஏட்டை அமெரிக்கத் தேசிய வரலாற்று அருங்காட்சியகம் இன்றும் போற்றிக் காத்து வருகிறது.

சிரித்துக் கடக்கக் கூடாத கோளாறும் ஒன்று உண்டு. வன்தட்டு எனப்படும் ஹார்டு டிஸ்கிலிருந்து 'டக், டக்' என்று ஓசை எழுமானால், மறுபடி மறுபடி இயக்கிப் பார்ப்பது ஆபத்து. பழுதுபார்ப்பவரிடம் பெட்டியைக் கொடுக்கும்போது, உள்ளிருப்பதை அழிக்கலாகாது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இயந்திரத்தைச் சீராக்குவதே அவர் வேலை. உள்ளே யாருடைய திருமணப் படம் இருக்கிறதென்று அவர் எப்படி அறிவார்? விதைநெல் முழுவதையும் ஒரே குதிரில் வைக்காதவர்கள் நம் முன்னோர். படங்களையும் கடிதங்களையும் மூன்று படிகளாக, இரண்டு வகைச் சாதனங்களில், ஒரு படியை வேறொரு வீட்டிலும் வைக்குமாறு வல்லுநர் கூறுவதும் அதே விவேகந்தான்.

இதனை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒன்றே காரணம். எம் தந்தையார் பள்ளி அலுவலகத்தில் தட்டச்சுப் பொறியோடு பழகியவர். பணி ஓய்வுக்குப் பின், 2003-ஆம் ஆண்டு வாக்கில், அதே விசை அமைப்பில் கணினியில் தமிழ் எழுதப் பழகிக்கொண்டார். முற்பகல்களில் தனியே அமர்ந்து எதையோ எழுதுவார். கேட்டால் "கணக்கு" என்பார். 2014-இல் இறைவனடி சேர்ந்தார். சென்ற மழைக்காலத்தில் அந்தக் கணினியின் வன்தட்டு முனகத் தொடங்கவே, உள்ளிருந்தவற்றையெல்லாம் அவசரமாகப் புதிய கணினியில் படியெடுத்தோம். 'குடும்பம்' என்று பெயரிட்ட கோப்பு ஒன்று அகப்பட்டது. திறந்தால், நாற்பது பக்கங்களிலும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கிடந்தன. ஒரு சொல்லும் பொருள் தரவில்லை. "வன்தட்டோடு சேர்ந்து இதுவும் கெட்டுப்போய்விட்டது" என்றான் மகன். வீட்டில் ஒருவரும் பேசவில்லை.

தந்தையாரின் தங்கை, எம் அத்தையார், அப்பொழுது எங்களோடு தங்கியிருந்தார். வயது எழுபத்தெட்டு. கணினியைத் தொட்டதே இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை வெகுநேரம் உற்றுப் பார்த்தவர், மேசை விளிம்பில் விரல்களை வைத்து எதையோ தட்டத் தொடங்கினார். இளமையில் தட்டச்சுப் பயிலகத்தில் ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் ஹையர் தேறியவர் அவர். இடக்கை விரல்களுக்கு ய, ள, ன, க என்று தொடங்கும் முதற்பாடம் இத்தனை ஆண்டுகளாகியும் அவ்விரல்களை விட்டு அகலவில்லை. முதல் வரியில் 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்று கிடந்த ஐந்து குறிகளையும் மேசை மேல் ஒவ்வொன்றாகத் தட்டினார். தட்டிவிட்டு, பேரனை அழைத்தார். "இங்கே வா ஐயா. இது கெட்டுப்போகவில்லை. இது 'அம்மா'."

நிகழ்ந்தது இதுதான். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியேடாகிய யூனிகோடு, 1991-இலேயே தமிழுக்கும் இடம் தந்தது. ஆயினும் நம் கணினிகளில் அது பரவ ஆண்டுகள் பல சென்றன. தமிழக அரசே 2010-இல்தான் அதனைத் தன் தரமாக ஏற்றது. அதுவரை ஒவ்வோர் எழுத்துருவும் தன் மனம்போன வழியில் நடந்தது. 'பாமினி' போன்ற எழுத்துருக்களில் கணினி சேமிப்பவை ஆங்கிலக் குறிகளே. அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. அது இல்லாத கணினியில் குறிகள் மட்டுமே எஞ்சும். மகன் அவ்வெழுத்துருவைத் தேடி நிறுவினான். ஒரு நொடியில் நாற்பது பக்கமும் தமிழாயிற்று. பின்னர் அதற்கென உள்ள மென்பொருள் கொண்டு அனைத்தையும் யூனிகோடுக்கு மாற்றி, மூன்று படிகளும் எடுத்து வைத்தான். பழைய குறுந்தகடுகளில் இத்தகைய கோப்புகள் வைத்திருப்போர், பங்கின் யூபிலி மலர் தொகுத்தோர் உட்பட, அவற்றைக் குப்பையில் எறிந்துவிட வேண்டா.

தந்தையார் "கணக்கு" என்றதும் பொய்யன்று. எந்தக் குழந்தை எந்தக் கோவிலில் திருமுழுக்குப் பெற்றது, எவர் திருமணத்துக்கு யாரிடம் எவ்வளவு கடன் வாங்கினார், அதை என்று தீர்த்தார் என்று எல்லாம் இருந்தன. தங்கையின் தட்டச்சுப் பயிலகக் கட்டணத்துக்காகத் தம் மிதிவண்டியை விற்றதும் இருந்தது. ஒரே ஒரு வரிதான். அத்தையாருக்கு அது அன்றுவரை தெரியாது. அந்த வரியை மகன் இரண்டாம் முறை வாசிக்க வேண்டியதாயிற்று.

இரவு உணவுக்குப் பின் இப்பொழுது நாள்தோறும் இரண்டு பக்கம் வாசிக்கிறோம். அத்தையார் ஊர் திரும்பும் பயணத்தை இருமுறை ஒத்திவைத்துவிட்டார். முப்பத்தோராம் பக்கத்தில் சற்று நின்றுபோயிருக்கிறோம். அத்தையாரின் திருமண நாளில் பெருமழை பெய்ததாகத் தந்தையார் எழுதியிருக்கிறார்; தூறல்கூட விழவில்லை என்கிறார் அத்தையார். பார்த்தவர்கள் ஊரில் இன்னும் இருவர் இருக்கின்றனராம். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பதாக ஏற்பாடு.