மழைக்கு முன் விரிசலை எண்ணுவோம்!



ஐப்பசி அடைமழைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் பழைய குடியிருப்புகளின் மாடிப்படியில் ஏறுகிறவர்கள் கூரையைப் பார்த்தபடியே ஏறுகிறார்கள். பூச்சு உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி எலும்பாகத் துருத்தி நிற்கிறது. தூளி கட்டும் கொக்கிக்கு மேலேயே விரிசல் ஓடுவதால் பிள்ளையைத் தரையில் கிடத்தும் வீடு நம் பிளாக்கிலேயே இருக்கிறது. இந்த மழையையும் தலைவிதி என்று கழித்துவிட நமக்கு உரிமையில்லை.

அரிவாக்குளத்தை மறந்துவிட்டோமா? 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக் அப்படியே சரிந்தது. 24 வீடுகள் மண்ணோடு மண்ணாயின. ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. விரிசலைக் கண்ட மக்கள் ஒருவரையொருவர் எச்சரித்து முன்கூட்டியே வெளியே வந்திருந்தார்கள். அவர்களைக் காப்பாற்றியது அவர்களுடைய கண்ணும் அக்கம்பக்கத்து ஒற்றுமையும்தான். அதே ஆண்டு புளியந்தோப்பு கே.பி. பார்க்கில், புத்தம் புதிய அடுக்குமாடியில் கை வைத்த இடமெல்லாம் பூச்சு உதிர்ந்தது. குடியிருந்தவர்கள் சுவரைச் சுரண்டிக் காட்டியதை ஊரே பார்த்தது. அதன் பிறகுதான் ஐ.ஐ.டி. நிபுணர்கள் ஆய்வுக்கு வந்தார்கள்.

பழைய கட்டடமோ புதியதோ, ஆபத்தை முதலில் பார்ப்பவர் அதில் குடியிருப்பவர்தான். பார்த்ததை எழுதிவைக்காமல், தனித்தனியாக முணுமுணுத்துக்கொண்டிருப்பதுதான் நம் பலவீனம். நானும் தனியாளாக ஆறு முறை மனு கொடுத்தேன். "பார்க்கிறோம்மா" என்ற பதிலோடு ஆறு முறையும் திரும்பினேன். ஏழாவது மனு என் ஒருத்தியுடையதாக இருக்கக் கூடாது.

கழிவறைக் குழாய் ஒழுகினால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும்; உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பும்; உப்பிய கம்பி கான்கிரீட்டைப் பிளக்கும். குழாயை மாற்றாமல் மேலே சிமென்ட் பூசிப் போவது சீழை உள்ளே வைத்துப் புண்ணுக்குக் கட்டுப்போடுகிற வேலை. அந்த வேலையை இனி ஏற்காதீர்கள்.

வீட்டோடு நம் துயரம் முடியவில்லை. ஓட்டேரி நல்லாவும் கேப்டன் காட்டன் கால்வாயும் தூர்ந்தால் சாக்கடை நேராகத் தரைத்தளத்து அடுப்படிக்குள் வருகிறது. கொடுங்கையூர் குப்பைமேட்டின் புகையை மூன்று தலைமுறையாக நாம் சுவாசிக்கிறோம். அங்கேயே எரிஉலை வைக்கும் திட்டத்தை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்திருக்கிறார்கள். நகரம் முழுவதன் குப்பையையும் தாங்கும் பகுதிக்கு இடிந்து விழும் கூரைதான் கூலியா? சுவரும் சாக்கடையும் புகையும் ஒரே சண்டை.

"இடம் சரியில்லை என்றால் வேறு இடம் போங்கள்" என்பார்கள். அவர்கள் காட்டும் பெரும்பாக்கம் இங்கிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து விடியற்காலையில் மூலக்கொத்தளத்துக்கு வேலைக்கு வர எந்தப் பஸ் ஏறுவது? பிள்ளையின் பள்ளிக்கூடம் என்னாவது? 1971ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிச் சட்டம் தன் பெயரிலேயே மேம்பாட்டை முன்னால் வைத்து, அகற்றலைப் பின்னால் வைத்திருக்கிறது. அந்த வரிசையைத்தான் நாம் கேட்கிறோம்.

நம் கோரிக்கைகள் மூன்று:

ஒன்று, ஒவ்வொரு பிளாக்கையும் கட்டடப் பொறியாளர்கள் ஆய்வு செய்து, அறிக்கையைப் படிக்கட்டு அருகிலேயே தமிழில் ஒட்ட வேண்டும்.

இரண்டு, இடித்தால் இதே இடத்தில் கட்ட வேண்டும். திரும்பிவரும் குடும்பங்களின் பட்டியலை இடிப்பதற்கு முன்பே எழுத்தில் தர வேண்டும். வீட்டைக் காலி செய்யும் குடும்பத்துக்குத் தரும் 24,000 ரூபாய் கருணைத் தொகை எத்தனை மாத வாடகைக்கு வரும்? கட்டி முடிக்கும்வரை வாடகை வேண்டும்.

மூன்று, மழைக்கு முன் கால்வாய்களும் தெருச் சாக்கடைகளும் தூர்வாரப்பட வேண்டும். தூர்வாரிய சேற்றைக் கரையிலேயே குவிக்காமல் அன்றே அள்ள வேண்டும்.

வேலை இந்த ஞாயிறு காலை தொடங்குகிறது. மாடிக்கு இரண்டு பேர். அதில் ஒருவர் பெண். கையில் ஒரு நோட்டு, ஒரு போன். வீட்டு எண், விரிசல் இருக்கும் இடம், நீளம், தேதி எல்லாம் எழுதுங்கள்; படம் எடுங்கள். ஒழுகும் குழாயையும் அடைபட்ட சாக்கடை மூடியையும் குறியுங்கள். எல்லா பிளாக்கின் நோட்டுகளையும் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுத்து, கையெழுத்தும் முத்திரையும் வாங்காமல் நகராதீர்கள். பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி போடுவோம்; 30 நாளில் பதில் வந்தாக வேண்டும். பகுதி சபை கூடும்போது முன்வரிசை நாற்காலிகளில் நாம் இருக்க வேண்டும்.

1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இந்தப் பெரம்பூர் மண்ணில்தான். ஆலைச் சங்கு ஊதிய காலத்தில் நம் பாட்டன்மார் தனியாக நின்று எதையும் வென்றதில்லை. சங்கு நின்றுபோனது, அந்தப் பாடம் நிற்கவில்லை.

தோழர்களே, அரிவாக்குளத்து மக்களுக்கு மிஞ்சியது உயிர் மட்டும்தான். நமக்கு உயிரும் வேண்டும், வீடும் வேண்டும், ஊரும் வேண்டும். ஞாயிறுவரை காத்திருக்காதீர்கள். இன்று இரவே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். "உங்கள் வீட்டில் எங்கே விரிசல்?" என்று கேளுங்கள்.

இடித்தால் இங்கேயே கட்டு!
எங்கள் காற்றை எரிக்காதே!