துப்பறிய என்ன இருக்கு?

கிரைம் நாவல் படிக்காத நெல்லைக்காரன் உண்டா? ராஜேஷ்குமாரின் விவேக், சுபாவின் நரேந்திரன், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத். பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாங்கி, ஊர் போய்ச் சேர்வதற்குள் முடித்துவிடலாம். நம்ம சனத்தில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைகளையும் பக்கம் புரட்ட வைத்தவை இவை. இளக்காரமாகச் சொல்லவில்லை. ஆனால் முடித்ததும் ஏமாற்றந்தான் மிஞ்சுது. ஏன்?

கதை முழுக்க ஒரே கேள்வி: கொன்னவன் எவன்? கடைசியில் விலங்கு மாட்டியதும் எல்லாம் சரியாகிவிடும். சட்டம் நேர்மையானது, போலீஸ் உண்மையைத் தேடும் என்பது அதன் அஸ்திவாரம்.

தாமிரபரணிக் கரையில் அந்த அஸ்திவாரம் நிக்குமா? 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போன ஊர்வலத்தைப் போலீஸ் ஆற்றுக்குள் அடித்து விரட்டியது. 17 பேர் செத்தார்கள், ஒன்றரை வயசுக் குழந்தையும் சேர்த்து. பட்டப்பகல். கேமராக்கள் பார்த்தன. துப்பறிய என்ன இருக்கு? பிறகு வந்த நீதிபதி மோகன் கமிஷன், பெரும்பாலோர் மூழ்கிச் செத்ததாகச் சொன்னது. போலீஸ் நடவடிக்கையை நியாயப்படுத்தியது.

ஆக, நம்ம ஊரில் மர்மம் கொலையாளி யார் என்பதல்ல. ஊரே பார்த்த கொலை, ஃபைலுக்குள் போனதும் எப்படி நீரில் மூழ்கிய சாவாகிறது என்பதுதான். அதை எழுதுங்கள். கடைசிப் பக்கத்தில் எந்த இன்ஸ்பெக்டரும் வந்து முடித்துவைக்க வேண்டாம்.