பொருந்துவதெல்லாம் தாங்காது



சில வாரங்களுக்கு முன்னர் ரொறன்ரோவில் வாழும் தாயார் ஒருவர் எம்மைத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி கீழறையில ஏதோ காசு உண்டாக்கிற மெசின் வைச்சிருக்கிறான். இரவிலை பிளாஸ்ரிக் எரியிற மணம் வருது. கேட்டால் ஒண்டுமில்லை அம்மா எண்டுறான். ஒருக்கா வந்து பாருங்கோ" என்றார். மின்வேலை அறிந்த நண்பர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு சென்றோம்.

நிலக்கீழ் அறையில் ஓர் அலுமினியச் சட்டம். அதில் வரிசையாக ஆறு கிரபிக்ஸ் அட்டைகள். முழுவதையும் நிறுத்தச் சொல்லி, ஆறியபின் வயர்களை ஒவ்வொன்றாக நண்பர் கழற்றிப் பார்த்தார். நான்காவது அட்டைக்குரிய சிறிய கறுப்புச் செருகி மண்ணிறமாகி, ஒரு பக்கம் உருகியிருந்தது. அதிலிருந்து இரண்டு முழத் தூரத்தில் உலரப் போட்ட துணிகள் தொங்கின. மேலே இரவில் நால்வர் உறங்கும் வீடு அது.

அந்த மகன் கெட்டிக்காரன்; பொறுப்பற்றவனும் அல்லன். பழைய இயந்திரமொன்றை மலிவாக வாங்கி, பெட்டியில் வந்த வயர்களைப் பொருந்திய இடங்களிற் செருகியிருந்தான். செய்த பிழை அவ்வளவுதான். அந்தப் பிழை வேறு வீடுகளிலும் இருக்கக்கூடும் என்பதனாலேயே இவ்வாரம் இதனை எழுதுகின்றோம்.

கிரபிக்ஸ் அட்டைகளைக் கொண்டு மறைகுறி நாணயம் அகழும் தொழில் ஒரு காலத்திற் பெரிதும் எதீரியத்தையே நம்பியிருந்தது. 2022 செப்ரெம்பர் 15 இல் எதீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதோடு அந்த வழி அடைபட்டது. வைத்திருந்தோர் பலர் தம் இயந்திரங்களை விற்றனர். அவற்றை வாங்கியோரிற் சிலர் வேறு சிறு நாணயங்களை அகழ்கின்றனர். சிலர் செயற்கை அறிவுக் கணிப்புகளுக்குப் பயன்படுத்துகின்றனர். எதற்காயினும் சட்டமும் வயரும் அவையே. ஆண்டுக்கணக்கில் இரவுபகலாகச் சூடேறிய வயர்கள் கைமாறி இப்போது வீடுகளுக்குள் வந்துள்ளன.

ஒரு தாய்ப்பலகையில் ஆறு அட்டைகளை நெருக்கிப் பொருத்த இடம் போதாது. ஆகவே ஒவ்வோர் அட்டையும் ரைசர் எனப்படும் சிறு பலகையின்மேல் தனியே நிற்கிறது. ரைசரையும் தாய்ப்பலகையையும் இணைக்கும் வயர் பார்வைக்கு யூ.எஸ்.பி வயர் போன்றது. ஆனால் அது செய்தியை மட்டுமே கொண்டு செல்கிறது. அட்டைக்கு வேண்டிய மின்சாரத்தை அல்ல. (அதனை வேறெந்தக் கணனியின் யூ.எஸ்.பி துளையிலும் செருகுதல் ஆகாது.) எனவே ரைசருக்கு மின்சாரத்தை நாமே தனியாகக் கொடுக்க வேண்டியுள்ளது. ஆபத்து தொடங்கும் இடம் இதுவே.

பெரிய அட்டையொன்று இரு வழிகளில் மின்சாரம் எடுக்கிறது. ஒன்று, அதன் விளிம்பில் நேரே செருகும் வயர். மற்றையது, அது நிற்கும் துளை. பிசிஐ எக்ஸ்பிரஸ் விதிப்படி துளைவழியாக ஓர் அட்டை 75 வாற் வரை எடுக்கலாம். அதில் 66 வாற் 12 வோல்ற்றில் வருவது, அதாவது 5.5 அம்பியர். ரைசருக்குச் செல்லும் வயரும் செருகியும் இதனைத் தாங்கவேண்டும்.

அந்த வீட்டில் உருகியிருந்தது சாட்டா செருகி. அது வன்தட்டுகளுக்கென அமைக்கப்பட்டது. அதிலுள்ள 15 முனைகளில் 12 வோல்ற்றுக்கென ஒதுக்கப்பட்டவை மூன்றே. முனையொன்றுக்கு 1.5 அம்பியர் என மொத்தம் 4.5 அம்பியர், அதாவது 54 வாற், அதன் எல்லை. ஆயினும் மலிவான ரைசர்கள் பலவற்றுடன் சாட்டாவிலிருந்து ஆறுமுனைச் செருகிக்கு மாற்றும் குட்டை வயர் ஒன்றையும் பெட்டியிலே போட்டுத் தருகின்றனர். அது அழகாகப் பொருந்தும், இயந்திரமும் இயங்கும். எல்லா அட்டைகளும் துளையிலிருந்து முழு 75 வாற்றையும் எடுப்பதில்லை. அதனால் சில வீடுகளில் மாதக்கணக்கில் ஒன்றும் நேராது. "இவ்வளவு நாளும் ஓடினதுதானே" என்ற துணிவு அப்படித்தான் வளர்கிறது.

வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு கூடுவது. 4.5 அம்பியருக்குரிய செருகியில் 5.5 அம்பியர் ஓடினால் பிறக்கும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். சூட்டில் முனையின் பிடி தளர்கிறது; தளர்ந்தால் தடை கூடுகிறது; தடை கூடினால் சூடு மேலும் ஏறுகிறது. ஒரே வடத்தில் இரண்டு மூன்று ரைசர்களைத் தொங்கவிட்டால் கேட்கவே வேண்டாம்.

"பிழை வந்தால் பிறேக்கர் விழும்தானே" என்று அந்த மகன் கேட்டான். விழாது. சுவரில் உள்ள பிறேக்கர் காப்பது சுவரினுள் ஓடும் வயரை. பவர் சப்ளை எனப்படும் மின்வழங்கியின் உள்ளே இருக்கும் காப்பும் இதனை அறியாது. 1000 வாற் மின்வழங்கி 12 வோல்ற்றில் 80 அம்பியர் அளவுக்குத் தரக்கூடியது. அதற்கு ஐந்தரை அம்பியர் ஒரு பொருட்டல்ல. செருகி உருகும்வரை எல்லாம் ஒழுங்காகவே நடப்பதாக அது எண்ணியிருக்கும்.

ஆகவே பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்குமாறு வேண்டுகின்றோம்.

முதலாவது, சாட்டா மாற்று வயர்களை எடுத்து வெட்டி எறிந்துவிடுங்கள். வெட்டாமல் வைத்தால் என்றோ ஒருநாள் அவசரத்துக்கு அதுவே கைக்கு வரும்.

இரண்டாவது, ஆறுமுனைச் செருகியுள்ள ரைசரையே வாங்கி, மின்வழங்கியோடு வந்த கிரபிக்ஸ் அட்டை வடத்தை இடையில் மாற்று வயரின்றி அதில் நேரே செருகுங்கள். ஆறுமுனைச் செருகி 75 வாற்றுக்கென்றே விதிக்கப்பட்டது. ஒரு வடத்தில் இரண்டு ரைசர்களுக்கு மேல் வேண்டாம். நான்குமுனை மொலெக்ஸ் செருகியைத் தவிர வேறு வழியில்லையெனில், மின்வழங்கியிலிருந்து நேரே வரும் வடத்தில், வடத்துக்கு ஒரு ரைசர் என்ற அளவோடு நிறுத்துங்கள். அதில் 12 வோல்ற்றைச் சுமப்பது ஒரே ஒரு முனை. சில ரைசர்களில் இருவகைத் துளைகள் இருக்கும். ஒன்றை மட்டுமே பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, இரண்டு மின்வழங்கிகள் வைத்திருப்போர் ஓர் அட்டையின் விளிம்பு வயரையும் அதன் ரைசர் வயரையும் ஒரே மின்வழங்கியிலிருந்தே கொடுக்க வேண்டும்.

நான்காவது, கழற்றிப் பூட்டும் வடங்களை ஒரு மின்வழங்கியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றாதீர்கள். செருகி ஒரே வடிவாய் இருந்தாலும் உள்ளே வயர்களின் ஒழுங்கு வேறாக இருக்கலாம். தவறினால் அட்டைகள் ஒரே கணத்தில் பழுதாகும்.

ஐந்தாவது, சுவரைக் கவனியுங்கள். கனடிய வீடுகளின் சாதாரண மின்சுற்று 120 வோல்ற், 15 அம்பியர். தொடர்ந்து இயங்கும் சுமைக்கு அதில் 80 வீதம், அதாவது 12 அம்பியர், 1440 வாற் என்பதே கணக்கு. ஆறு அட்டைகள் 150 வாற் வீதம் எடுத்தால் 900 வாற். தாய்ப்பலகையும் மின்வழங்கியின் இழப்பும் சேர 1000 வாற்றைத் தாண்டும். அதே சுற்றில் 1500 வாற் சூடாக்கியைப் போட இடமில்லை. ஐரோப்பாவில் 230 வோல்ற் என்பதால் கணக்கு வேறு. உங்கள் பிறேக்கரில் உள்ள அம்பியரைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய நீட்டு வயரிலோ சுருட்டி வைத்த வயரிலோ இவ்வியந்திரத்தை இயக்காதீர்கள்.

ஆறாவது, மாதம் ஒருமுறை நிறுத்தி, ஆறவிட்டு, ஒவ்வொரு செருகியையும் கழற்றிப் பாருங்கள். நிறம் மாறியதை, இறுகியதை, மணப்பதை மாற்றிவிடுங்கள். அவ்வறையில் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கட்டும். துணியும் கடதாசியும் இருக்க வேண்டாம். வாடகை வீடாயின் வீட்டுக்காரருக்கும், காப்புறுதி எடுத்தோர் அந்நிறுவனத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இல்லாததை இருப்பதைக் கொண்டு ஒப்பேற்றுவது எம்மோடு பிறந்த குணமாகிவிட்டது. 1990 இற்குப் பின் யாழ்ப்பாணம் மின்சாரமின்றி இருண்ட ஆண்டுகளில், சைக்கிள் டைனமோவில் வயர் இழுத்து, கையால் சில்லைச் சுற்றி, வானொலியிற் செய்தி கேட்டவர்கள் நாம். எந்த வயரையும் எந்த வயரோடும் முறுக்கினோம், ஒன்றும் எரியவில்லை. ஏனெனில் அந்த டைனமோ தந்தது 6 வோல்ற்றில் 3 வாற், வெறும் அரை அம்பியர். அன்று எம் கைத்திறனை விட, மின்சாரம் சிறிதாயிருந்ததே எம்மைக் காத்தது. இன்று கீழறைச் செருகி ஒன்றில் ஓடுவது அதனைப்போல் பதினொரு மடங்கு. அதுவும் நாம் உறங்கும்போது.

அந்த மகன் எம் கண்முன்னேயே ஆறு மாற்று வயர்களையும் வெட்டினான். சரியான வடங்கள் வரும்வரை பதினெட்டு நாட்கள் இயந்திரம் நின்றது. அந்நாட்களின் வருமானம் போயிற்றென்று அவனுக்குச் சற்று வருத்தம். தாயாரோ, அந்தப் பதினெட்டு இரவும் நிம்மதியாக நித்திரை கொண்டதாகச் சொன்னார். அவர் கணக்கே சரியென எமக்குப் படுகிறது.

இவ்வார இறுதியில் உங்கள் வீட்டுக் கீழறைக்கு ஒருமுறை இறங்கிப் பாருங்கள். பிள்ளையை ஏசுவதற்காக அல்ல. அவனோடு சேர்ந்து ஒவ்வொரு செருகியையும் பார்ப்பதற்காக.