காணும் பொங்கலன்று வீடு ஏன் பூட்டியிருந்தது?

அன்பு மாணவர்களே, சொந்தங்களே,

காணும் பொங்கலன்று எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போனீர்களாம். மன்னிக்க வேண்டும். அன்றைக்கும் மறுநாள் ஞாயிற்றுக்கிழமையும் நானும் பேத்தியும் புதுக்கோட்டைப் பக்கம் இருந்தோம். அவள் ஓடினாள், நான் தண்ணீர்ப் பாட்டிலும் துண்டுமாக நின்றேன்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்ததையும் படித்தேன். "பிளஸ் ஒன் படிக்கிற பொம்பளப் புள்ளைய நல்ல நாள்ல வீட்ல வைக்காம ஓட விடுறாங்களே, டீச்சரா இருந்துக்கிட்டு." கோபம் இல்லை. ஒரு காலத்தில் நானே அப்படிப் பேசியவள்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமை நடந்தது கிராஸ் கன்ட்ரி. தைல மரக் காட்டுக்குள் செம்மண் பாதையில் நான்கு கிலோமீட்டர். இதில் முதலில் வருபவருக்குப் பரிசு உண்டு. அணிக்கென்று தனியாக ஒரு பரிசும் உண்டு. அணியில் முதலில் வரும் நான்கு பேர் பிடித்த இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எந்த அணிக்குக் குறைவோ அந்த அணிக்கு வெற்றி. உலகப் போட்டியிலும் நான்கு பேர் கணக்குத்தான். இத்தனை வருடம் கூட்டல் சொல்லிக்கொடுத்த எனக்கு இப்படி ஒரு கூட்டல் இருப்பது இப்போதுதான் தெரிந்தது.

நம் பிள்ளை மூன்றாவதாக வந்தாள். மூச்சு வாங்க இரண்டு நிமிடம் குனிந்து நின்றாள். பிறகு நான் நீட்டிய தண்ணீரைக்கூட வாங்காமல் கயிற்றுக்கு வெளியே திரும்பி ஓடினாள். அவர்கள் அணியின் நான்காவது பெண் இன்னும் வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டதாம், நடந்துவிடுவாள் போலிருந்தது. இவள் பக்கத்தில் போய், "முன்னாடி போற பச்சைச் சட்டைய மட்டும் பாருடி, அவள விட்டுடாத" என்று கத்தினாள். அவளும் நடக்காமல் ஓடி முடித்தாள். இருபத்திரண்டாவது இடம்.

இப்போது கூட்டிப் பாருங்கள். 3, 9, 14, 22. மொத்தம் 48. எதிரணியில் முதலிடம் பிடித்த பெண்ணே இருந்தாள். அவர்கள் இடங்கள் 1, 5, 18, 25. மொத்தம் 49. அந்த நான்காவது பெண் இன்னும் இரண்டு பேரைத் தன்னை முந்த விட்டிருந்தால் கோப்பை கைமாறியிருக்கும். எங்கள் பிள்ளைகள் யாரைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள் தெரியுமா? மூன்றாவதாக வந்தவளை இல்லை, இருபத்திரண்டாவதாக வந்தவளை.

ஞாயிறன்று பக்கத்துக் கிராமத்து இளைஞர்கள் நடத்திய பொங்கல் ஓட்டம், ஐந்து கிலோமீட்டர். முதல் நாள் ஓடிய கால் என்பதால், "யாரும் வேகம் காட்டக் கூடாது" என்று கோச் சொல்லிவிட்டார். நான்கு பேரும் வரிசையாக ஓடினார்கள். எதிர்க்காற்றில் ஒருத்தி முன்னால் போவாள். கொஞ்ச தூரத்தில் அடுத்தவள் முன்னால் வருவாள். முன்னால் போகிறவள் காற்றை வாங்கிக்கொண்டால் பின்னால் வருகிறவர்களுக்குச் சிரமம் குறையும். இதையெல்லாம் எந்தப் பாடப் புத்தகத்தில் வைத்து நடத்துவது?

தூர ஓட்டம் தனி ஆள் விளையாட்டு என்று நினைக்கிறோம். 2017-ல் புவனேஸ்வரில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 10,000 மீட்டர் தங்கம் நம் புதுக்கோட்டை லட்சுமணனுக்கு, வெள்ளி கேரளத்துக் கோபிக்கு. இரண்டு பேரும் ராணுவத்தில் இருந்து ஓடியவர்கள். நல்ல ஓட்டக்காரர் பக்கத்தில் இன்னொரு நல்ல ஓட்டக்காரர் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது என் பழைய கணக்குக்கு வருகிறேன். 1994-ல் எட்டாம் வகுப்பில் என்னிடம் ஒரு மாணவி படித்தாள். எங்கள் பள்ளியிலிருந்து நான்கு பெண்கள் ஓட்டத்துக்குத் தேர்வானார்கள். பொங்கல் விடுமுறையில் போட்டி. அவள் அப்பா என்னிடம் வந்து யோசனை கேட்டார். "படிப்புக் கெட்டுடும், அனுப்பாதீங்க" என்றேன். மற்ற மூன்று பேர் போனார்கள். ஆள் குறைவென்று அணிக் கணக்கிலேயே அவர்களைச் சேர்க்கவில்லை. ஒரு பிள்ளையைத்தான் நிறுத்தினேன் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். நான்கு பேரை நிறுத்தியிருக்கிறேன் என்பது போன சனிக்கிழமைதான் உறைத்தது. அந்த மாணவி இதைப் படிக்கக்கூடும். தப்பு என்னுடையதுதான், அம்மா. உன் அப்பா என் சொல்லை நம்பினார், அவ்வளவுதான்.

படிப்பு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை காலை பேத்தி கெமிஸ்ட்ரி புத்தகத்தோடுதான் உட்கார்ந்தாள். பிள்ளைகளுக்குப் பெற்றோராகவும் ஆசிரியராகவும் இருக்கிற என் மாணவர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. விடுமுறையில் போட்டி என்று உங்கள் பிள்ளை வந்து நின்றால், "உனக்கு மெடல் கிடைக்குமா?" என்று கேட்காதீர்கள். "நீ போகலைன்னா அணியில எத்தனை பேர் இருப்பீங்க?" என்று கேளுங்கள். பதிலைக் கேட்டபிறகு முடிவு செய்யுங்கள்.

பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய சொந்தங்களுக்குக் கரும்பு எடுத்து வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு வாருங்கள். சாயங்காலமாக வாருங்கள், காலையில் அவளுக்குப் பயிற்சி இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்