எவருக்கிடையே இந்த உரையாடல்?

சமயங்களுக்கிடையிலான உரையாடல் என்ற சொற்றொடர் இன்று யாழ்ப்பாணத்தில் மிக்க மரியாதைக்குரியதாகிவிட்டது. குத்துவிளக்கு ஏற்றப்படுகிறது, தேவாரமும் சங்கீதமும் ஓதப்படுகின்றன, போதகரும் குருக்களும் ஒரே மேடையில் அமர்ந்து, அன்பே எல்லாச் சமயங்களினதும் சாரம் என்று ஏகமனதாக உரைத்துக் கலைகின்றனர். இக்கூட்டங்களை எள்ளி நகையாடுவது என் நோக்கமன்று. 2019ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிற் குண்டு வெடித்த நாட்டில், மதத்தவர் கூடிப் பேசுதல் வேண்டற்பாலதே. ஆயின் எவர் எவருடன் பேசுகிறார் என்ற கேள்வியை எழுப்ப நமக்கு உரிமையுண்டு. நெடுங்காலமாக ஒரே பந்தியில் உண்டு, ஒரே வட்டத்துள் பெண் கொண்டு கொடுத்து வந்த இரு சாராரிடையே எந்த உரையாடலைப் புதிதாகத் தொடங்கி வைக்கின்றோம்?

நம் நண்பர்களுட் சிலர், மிஷன் என்றதும் ஏகாதிபத்தியத்தின் ஏவலாள் என்று கூறி அமைவர். அது பாதி விடைதான். எங்கள் அளவெட்டிக்கு அயலிலுள்ள தெல்லிப்பழையில் 1816இல் அமெரிக்க மிஷனரிமார் குடியேறினர். 1823இல் வட்டுக்கோட்டையில் அவர்கள் நிறுவிய செமினரி 1855 வரை தமிழும் கணிதமும் வானியலும் இறையியலும் புகட்டிற்று. அதன் தலைவராயிருந்த ஹொய்சிங்டன் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1854இல் வெளியிட்டார். இன்று கருத்தரங்குகளிற் புகழப்படும் ஒப்பியல் ஆய்வு இம்மண்ணில் அன்றே வேரூன்றியது. இதனை மறுப்பது வரலாற்றுக்கு இழைக்கும் அநீதியாகும்.

ஆனால் அறிவுலகில் இத்துணைத் துணிவு காட்டியவர்கள் அடுக்களையில் தோற்றனர். மிஷன் விடுதிகளிற் சேர்ந்த உயர்சாதிப் பிள்ளைகள் கிறிஸ்தவ வளவிற் சமைத்ததை உண்ண மறுத்தபோது, அடுத்திருந்த சைவரின் நிலத்திற் சமையற்கூடம் அமைத்துக் கொடுக்கப்பட்டது. வேலிக்கு இப்பால் வேதாகமம், அப்பாற் சாதியாசாரம். யாழ்ப்பாணத்தின் முதலாவது சமய சமரசம் அந்த வேலியோரத்தில் நிகழ்ந்தது என்பேன்.

அவ்வேலி பின்னரும் பிடுங்கப்படவில்லை. செமினரியிற் கற்றுச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக 1857இல் வெளிவந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் கிறிஸ்தவத்தினின்று சைவத்துக்கு மீண்டனர். ஒரு மதத்தினின்று மற்றொன்றுக்குச் செல்லவும் திரும்பவும் வழி இருந்தது. சாதிக்கு அத்தகைய வழி எதுவுமில்லை. 1920களின் இறுதியில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்குமாறு அரசாங்கம் பணித்தபோது, தீக்கிரையான பாடசாலைக் கொட்டில்களே யாழ்ப்பாணத்தின் பதிலாயின. பிள்ளையை வாங்கில் உட்கார வைத்ததற்காகப் பள்ளிக்கூடம் எரிந்த நாட்டில், ஆசிரியனாகிய எனக்கு வேறு எந்த இறையியற் சிக்கலும் பெரிதாகத் தோன்றவில்லை.

அந்நாளில் உண்மையான உரையாடலை நடத்தியவர் ஒருவர் இருந்தார். அவர் ஹண்டி பேரின்பநாயகம். 1924இல் உருவான மாணவர் காங்கிரஸ் பின்னர் வாலிபர் காங்கிரஸ் ஆயிற்று. அதன் முன்னணியில் நின்று சம ஆசனத்துக்கும் சமபந்திக்கும் வாதாடிய இக்கிறிஸ்தவர், பிற்காலத்திற் கொக்குவில் இந்துக் கல்லூரிக்கே அதிபரானார். அவர் உரையாடலைப் பந்தியிலிருந்து தொடங்கினார்.

தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்து முதற் பேராயர் குலேந்திரன், கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருள் என்னும் கோட்பாட்டை ஒப்பிட்டு 1964இல் வெளியிட்ட ஆங்கில நூல் அறிஞர் போற்றுவது. நான்கு ஆண்டுகளின் பின், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் தாழ்த்தப்பட்ட மக்கள் அமர்ந்து வழி கேட்டனர். முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமான சி. சுந்தரலிங்கம் வழிமறித்து நின்றார். அருள் பற்றிய கோட்பாடு தெருவுக்கு வந்த நாள் அது. அன்று அவர்களுக்குத் துணை நின்றது முந்திய ஆண்டு தோன்றிய தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம். நாத்திகர் என்று ஏசப்பட்ட இடதுசாரிகளின் இயக்கம். கோயிலுக்குட் செல்லும் உரிமைக்காகக் கடவுளை நம்பாதவன் அடிபட்டான். ஒப்பியற் சமயம் பயில்வோர் இந்நிகழ்வையும் பாடத்திற் சேர்த்துக்கொள்வாராக.

இறையியற் கல்வியால் எதுவும் ஆகாதென்று நான் கூறவில்லை. அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்திஸ்த சபையார் 1963இற் பிலிமத்தலாவையில் ஒன்றுகூடித் தொடங்கிய இலங்கை இறையியற் கல்லூரி, மொழியால் நாடு பிளந்துகொண்டிருந்த காலத்திற் சிங்கள மாணவனையும் தமிழ் மாணவனையும் ஒரே வளவில் வாழச் செய்தது. நமது அரசாங்கப் பாடசாலைகள் இன்றும் அதனைச் சாதிக்கவில்லை. களனியில் 1974இல் துலான நிலையத்தைத் தொடங்கிய அலோசியஸ் பீரிஸ் அடிகள், ஆசியாவிற் பல சமயங்கள் இருப்பதையும் பெருந்தொகையோர் வறியராயிருப்பதையும் பிரித்துப் பார்க்கலாகாது என்று வாதித்தார். மதுரை அரசரடியில் 1969இல் எழுந்த தமிழ்நாடு இறையியற் கல்லூரியிலோ தியாப்பிலஸ் அப்பாவு நாட்டார் இசையை வழிபாட்டுக்குட் கொணர்ந்து, ஒதுக்கப்பட்டோரின் வாழ்வையே இறையியலாக்கினார். கடல் கடந்து வர இவ்வுணர்வுக்குத் தடை எது? பாக்குநீரிணை அத்துணை அகலமானதன்று!

2018இல் வரணியில் ஓர் அம்மன் கோயிற் தேரை இயந்திரம் இழுத்தது. ஒடுக்கப்பட்ட சாதியினர் வடம் பிடிக்கலாகாது என்பதே காரணம் எனச் செய்திகள் கூறின. நான் சென்று கேட்ட எந்தச் சமய உரையாடல் அரங்கிலும் இதுபற்றி ஒரு சொல்லும் எழவில்லை. எழுந்தால் சைவ நண்பர் மனம் நோவார் என்பது ஒரு காரணம். மற்றது இன்னும் சங்கடமானது: கிறிஸ்தவ நண்பரின் திருமணப் பேச்சுகளை யாரேனும் கிளறக்கூடும்.

பாடசாலையிற் சமயபாட மணி அடித்ததும் ஒரே வகுப்புப் பிள்ளைகள் சைவமென்றும் கிறிஸ்தவமென்றும் இரண்டு அறைகளுக்குப் போகின்றனர். மணி முடிந்து திரும்பியபின் யார் யாருடைய தண்ணீர்ப் போத்தலில் வாய் வைக்கலாம் என்பதை அவர்கள் இரு பாடங்களிலும் கற்கவில்லை. வீட்டிற் கற்று வந்திருக்கின்றனர். இறையியல் பயிலும் இளைஞர்களே, மெய்கண்டாரையும் அகுஸ்தீனையும் நன்கு கற்றுக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வடம் பிடிக்க விடப்படாதவரையும் அழையுங்கள். அவருக்கு மேடையில் ஒரு கதிரை போடுங்கள். கூட்டம் முடிந்தபின் அவர் வீட்டில் உணவருந்தச் செல்லுங்கள். உங்களுடன் வருவதற்கு எத்தனை போதகர், எத்தனை குருக்கள் எழுந்திருக்கிறார்கள் என்று அன்று எண்ணிக்கொள்வோம்.